மரத்தில் தொங்கும் முன் கயிற்றைப் பாருங்கள்

மான் வேட்டைக்குப் புதிதாக வரும் ஓர் அமெரிக்க இளைஞனிடம் இப்போது யாரும் முதலில் மானைப் பற்றிப் பேசுவதில்லை. மரத்தைப் பற்றியும் பேசுவதில்லை. அவுன்ஸ் கணக்கைத்தான் பேசுகிறார்கள். இந்த சேடில் இத்தனை அவுன்ஸ், அந்தப் பிளாட்ஃபார்ம் இத்தனை அவுன்ஸ், இன்னொரு ஸ்டிக்கை வாங்கினால் மேலும் நான்கு அவுன்ஸ் மிச்சம் என்று ஒரு பட்டியல் நீளும். பட்டியலின் கடைசியில் ஒரு விலை இருக்கும். அந்த விலையைக் கட்டிவிட்டால் அவன் 'சேடில் ஹண்டர்' ஆகிவிட்டான் என்று அர்த்தமாம்!

இது பொய். இந்தப் பொய்யால் லாபம் அடைகிறவர் ஒருவர், இருபது அடி உயரத்திலிருந்து கீழே விழுகிறவர் இன்னொருவர். அதனால்தான் இதைச் சும்மா விட முடியாது.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சேடில் என்றதும் குதிரைச் சேணம்தான் நினைவுக்கு வரும். இது அது அல்ல. இடுப்பையும் பின்புறத்தையும் தாங்கும் ஒரு துணித் தொட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடையைச் சுற்றி இரண்டு பட்டைகள். இடுப்பின் இரு பக்கத்தையும் இணைத்து முன்னால் வளைந்து நிற்கும் ஒரு கயிறு, அதற்குப் பெயர் பிரிட்ஜ். மரத்தைச் சுற்றி, ஏறத்தாழ தலை உயரத்தில் இன்னொரு கயிறு கட்டப்படும், அதற்குப் பெயர் டெதர். டெதரையும் பிரிட்ஜையும் ஒரு கேரபினர் இணைக்கும். காலுக்குக் கீழே மரத்தோடு இறுக்கிக் கட்டிய சின்ன பிளாட்ஃபார்ம். வேட்டைக்காரர் மரத்தைப் பார்த்தபடி, கயிற்றில் சாய்ந்தோ உட்கார்ந்தோ மணிக்கணக்கில் காத்திருப்பார். மான் வந்தால் மரத்தையே மறைப்பாக வைத்துக்கொண்டு சுற்றி நகர்ந்து வில்லை இழுப்பார். அவ்வளவுதான்.

இது நேற்று வந்த புதுமையும் அல்ல. மிச்சிகனைச் சேர்ந்த ஜான் எபர்ஹார்ட் போன்ற வில் வேட்டைக்காரர்கள் 1980களிலேயே இதைப் பயன்படுத்தினார்கள். நெடுங்காலம் சில பிடிவாதக்காரர்களின் பழக்கமாக மட்டும் இருந்தது. 2018 வாக்கில் இதற்கென்றே புதிய கம்பெனிகள் கிளம்பின, வீடியோக்கள் குவிந்தன, சந்தை சூடு பிடித்தது. பழைய முறை புதிய விலையோடு திரும்பி வந்தது.

மானைக் கொல்வது சரியா?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் மேலே போக முடியாது. இந்தியாவில் 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். அந்தக் கண்ணோடு அமெரிக்காவைப் பார்த்தால் எல்லாமே கொடுமையாகத் தெரியும். ஆனால் அங்கே கதை வேறு.

1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் சில லட்சம் வெள்ளைவால் மான்கள்தான் மிஞ்சியிருந்தன. சந்தைக்காக அளவில்லாமல் சுட்டுத் தள்ளியதன் பலன். அந்த ஆண்டு வந்த லேசி சட்டம், சட்டத்துக்கு மாறாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. 1937ல் பிட்மன் - ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்கு. 1970களில் வில்லும் அம்பும் அந்த வரிக்குள் வந்தன. வேட்டைக்காரன் கட்டும் வரியும் லைசென்ஸ் கட்டணமும்தான் மானைத் திரும்பக் கொண்டு வந்ததில் பெரும்பங்கு வகித்தன. இன்று அங்கே சுமார் 3 கோடி வெள்ளைவால் மான்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த ஓநாயும் மலைச்சிங்கமும் கிழக்கு மாநிலங்களில் பெரும்பாலும் ஒழிந்துவிட்டன. மான் அதிகமானால் காட்டில் இளஞ்செடி எழும்பாது, பயிர் அழியும், சாலையில் காரோடு மோதும். எனவே சீசன் வைத்து, எண்ணிக்கை வைத்து, லைசென்ஸ் கொடுத்து வேட்டையாட விடுகிறார்கள்.

ஆக அங்கே வேட்டைக்காரன் குற்றவாளி அல்ல. அவனுடைய எண்ணிக்கைதான் குறைந்துகொண்டே வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல் இருந்தவர்கள், 2016ம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பில் 1 கோடியே 15 லட்சம். புதியவர்கள் வர வேண்டும் என்று மாநிலங்களே கூவி அழைத்தன. அப்படி அழைக்கப்பட்டு வருகிறவனை என்ன சொல்லி வரவேற்கிறோம் என்பதுதான் இங்கே பிரச்னை.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம்

சேடில் மோசமான கருவி என்று வாதிட இங்கே வரவில்லை. அதன் நன்மைகள் உண்மையானவை.

மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும் பழைய க்ளைம்பிங் ஸ்டாண்ட் ஒன்றின் எடை 20 பவுண்டு வரும். அதைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஒரு மைல் நடந்தால் வேட்டை தொடங்கும் முன்பே சட்டை நனைந்துவிடும். வியர்வை வாடையை மான் எவ்வளவு தொலைவில் பிடிக்கும் என்று வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். அந்த க்ளைம்பருக்கு நேராக, கிளையில்லாத மரமும் வேண்டும். சேடிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கோணல் மரமானாலும் கிளை விட்ட மரமானாலும் கட்டிக்கொள்ளலாம். நிலம் சொந்தமாக இல்லாதவன், பொது நிலத்தில் வேட்டையாடுகிறவன், ஒரே இடத்தில் ஸ்டாண்டை விட்டுவர முடியாதவன், இவர்களுக்கு இது வரம். பல மாநிலங்களின் பொது நிலங்களில் மரத்தில் திருகாணி அடிப்பதற்குத் தடை இருக்கிறது. சேடிலும் பட்டையால் கட்டும் ஸ்டிக்கும் மரத்தைத் துளைப்பதில்லை.

இதைப் பார்த்து 'பெரியவர்கள் கட்டும் டயப்பர்' என்று கேலி செய்யும் பழைய ஆட்களும் இருக்கிறார்கள். கேலி செய்துகொள்ளட்டும். கேலி ஒரு வாதம் ஆகாது.

சரி, பிறகு எங்கே கோளாறு? கருவியில் அல்ல. அதை விற்கும்போது கூடவே விற்கப்படும் மூன்று பொய்களில்.

பொய் 1: "சேடில்தான் இருப்பதிலேயே பாதுகாப்பானது"

காரணமாகச் சொல்வது இதுதான்: ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவன் பெல்ட்டை மாட்டாமலேயே இருந்துவிடலாம், சேடிலில் இருப்பவன் எப்போதும் கயிற்றில்தான் இருக்கிறான், எனவே விழ முடியாது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவன் மேலே எப்படிப் போனான்? பறந்தா போனான்? மரத்திலிருந்து விழும் விபத்துகளில் பெரும்பகுதி மேலே உட்கார்ந்திருக்கும்போது நடப்பதில்லை. ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும்போதும் நடக்கின்றன. சேடிலின் டெதர் காப்பாற்றுவது உச்சிக்குப் போன பிறகு. அதற்கு முன்னால் காப்பாற்ற வேண்டியது லைன்மேன் கயிறு. மின்கம்பம் ஏறும் தொழிலாளிபோல, இடுப்பின் இரு பக்கமும் மாட்டி மரத்தைச் சுற்றிப் போகும் கயிறு அது. ஒவ்வொரு அடி ஏறும்போதும் அதையும் மேலே நகர்த்த வேண்டும். கிளை குறுக்கே வந்தால் கழற்றி மாட்ட வேண்டும். எரிச்சலான வேலை. எனவே சிலர் "பதினைந்து அடிதானே" என்று மாட்டாமலேயே ஏறிவிடுகிறார்கள். மாட்டியவர்களிலும் சிலர் கிளையைத் தாண்டும் அந்த ஒரு நிமிடத்துக்கு எந்தக் கயிறும் இல்லாமல் நிற்கிறார்கள்.

இருபது அடியிலிருந்து விழுகிறவன் தரையைத் தொட ஒரு நொடிக்குச் சற்றே கூடுதலாக ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். "ஒரு நிமிடம்தானே" என்பதற்கு இதுதான் பதில்.

இன்னொன்று. சேடில் என்பது விழுகிறவனைப் பிடிக்கும் கருவியே அல்ல. விழாமல் நிறுத்தி வைக்கும் கருவி. இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்கக் கட்டுமானத் தொழிலில் இந்த வேறுபாடு சட்டமாகவே இருக்கிறது. உயரத்திலிருந்து விழுபவரைத் தாங்குவதற்கு வெறும் இடுப்புப் பெல்ட்டைப் பயன்படுத்தக்கூடாது என்று 1998 ஜனவரி 1 முதல் தொழிலாளர் பாதுகாப்பு விதி (ஓஷா) தடுத்துவிட்டது. முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் பெல்ட்டாக இருந்தால், தொழிலாளி 2 அடிக்கு மேல் விழ முடியாதபடி கட்ட வேண்டும் என்று அதே விதி சொல்கிறது.

வேட்டைக்காரனுக்கு ஓஷா விதி பொருந்தாது, அவன் யாருடைய தொழிலாளியும் அல்ல. ஆனால் புவியீர்ப்பு விசை அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை! டெதர் விறைப்பாக இருக்கும்வரை சேடில் பத்திரம். பிளாட்ஃபார்மில் கால் வழுக்கினால் மரத்தில் இடித்துச் சிராய்ப்போடு தப்பிக்கலாம். அதே டெதரில் மூன்று அடி தொங்கல் விட்டிருந்தால்? இந்தக் கயிறுகள் அநேகமாக நீளாத வகை. மலையேறுகிறவரின் கயிறுபோல இழுபட்டு அதிர்ச்சியைக் குடிக்காது. அதிர்ச்சி முழுக்க இடுப்பிலும் முதுகெலும்பிலும் வந்து இறங்கும். 'விழ முடியாது' என்று சொல்லி விற்கிறவர், 'தொங்கல் விடாதே' என்பதையும் அதே அளவு எழுத்தில் சொல்ல வேண்டாமா?

பொருளாதாரம் படிப்பவர்களுக்கு சாம் பெல்ட்ஸ்மன் என்ற பெயர் தெரிந்திருக்கும். காரில் பாதுகாப்பு வசதிகள் கூடினால் ஓட்டுநர் அந்தத் தைரியத்தில் இன்னும் வேகமாக ஓட்டுவார் என்று 1975ல் எழுதியவர். கார் விஷயத்தில் அவர் சொன்னது எவ்வளவு தூரம் சரி என்று இன்றும் சண்டை உண்டு. ஆனால் சேடில் விஷயத்தில் அந்த ஆபத்து கண்ணெதிரே தெரிகிறது. 'இது பாதுகாப்பானது' என்று நம்பியவன்தான் இன்னும் பத்தடி மேலே ஏறுகிறான், ஈர மரத்தில் ஏறுகிறான், லைன்மேன் கயிறை வீட்டில் விட்டுவிட்டு வருகிறான்.

பொய் 2: "எடை குறைந்தால் எல்லாம் நிறைந்தது"

இப்போது கணக்குக்கு வருவோம். சேடில் ஏறத்தாழ 150 முதல் 400 டாலர். பிளாட்ஃபார்ம் 100லிருந்து 300 வரை. நான்கு ஸ்டிக் கொண்ட செட் 150லிருந்து 400 வரை, அதற்கு மேலும் உண்டு. டெதர், லைன்மேன் கயிறு, கேரபினர், முழங்கால் பேட், முதுகுப்பட்டை, பை எல்லாம் தனித்தனி. கூட்டிப் பார்த்தால் நடுத்தரமாக வாங்குகிறவனுக்கே 700, 800 டாலர் சுலபமாகத் தாண்டும். வில் இதில் சேரவில்லை. மானும் சேரவில்லை!

விலை அதிகம் என்பது மட்டும் புகார் அல்ல. எதற்காக அதிகம் என்பதுதான் புகார். ஒரு பொருளின் முதல் பத்து பவுண்டைக் குறைப்பது மலிவு. கடைசி சில அவுன்ஸைக் குறைப்பதுதான் விலை. குறைந்து செல் விளைவு விதி என்று பி.காம். முதல் வருடத்திலேயே படிக்கிற சங்கதி. அந்தக் கடைசி அவுன்ஸ்கள் பத்து வருடமாக வேட்டையாடி, மலை ஏறி இறங்குகிறவனுக்குத் தேவைப்படலாம். காரை நிறுத்திவிட்டு அரை மைல் நடக்கப் போகிற புதியவனுக்கு எதற்கு? ஒரு பாட்டில் தண்ணீரைக் குறைத்து எடுத்துக்கொண்டால் அதே எடை மிச்சமாகும்.

இதைவிட மோசம், எடையைக் குறைக்கும் போட்டியில் முதலில் வெட்டுப்படுவது எது என்பது. கயிறு மெலிகிறது. பிளாட்ஃபார்ம் உள்ளங்கால் அளவுக்குச் சுருங்குகிறது. நான்கு ஸ்டிக் மூன்றாகிறது, பிறகு ஒரே ஸ்டிக்கைத் தூக்கித் தூக்கிக் கட்டி ஏறும் முறை வருகிறது. தேர்ந்தவர் கையில் அவை எல்லாம் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொன்றும் கைப்பழக்கத்தைக் கேட்கும் சிக்கனம். கைப்பழக்கம் இல்லாதவனுக்கு அதை 'தொடக்க செட்' என்று விற்பது நேர்மையா?

இன்னொரு வேடிக்கை. சேடிலும் கயிறும் ஒன்றில்லாமல் ஒன்று பயன்படாத துணைப் பொருள்கள். கார் விற்கிறவர் டயரைத் தனியாக வாங்கிக்கொள் என்று சொல்வதில்லை. ஆனால் சேடிலைத் தனியாகவும் கயிறுகளைத் தனியாகவும் விற்கும் வழக்கம் இந்தச் சந்தையில் பரவலாக உண்டு. மேலே போட்டிருக்கும் விலை குறைவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதன் விளைவு? பையில் மீதிப் பணம் இல்லாதவன், வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு கயிற்றைத் தேடுகிறான். அல்லது ஒரே கயிற்றை வாங்கி, லைன்மேன் கயிறு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறான்.

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை வணிகவியல் மாணவர்கள் அறிந்ததே. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது சந்தை கெட்டுப்போகும் என்பது அதன் சாரம். கயிறு அதற்குச் சரியான உதாரணம். 11 மில்லிமீட்டர் கயிறு ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்து, அது எவ்வளவு தாங்கும் என்று எந்தப் புதியவனாலும் சொல்ல முடியாது. துணியின் நிறத்தையும் பாக்கெட் எண்ணிக்கையையும் எடையையும் மட்டும்தான் அவனால் ஒப்பிட முடியும். எனவே கம்பெனிகள் அவற்றில்தான் போட்டி போடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் உயிர் தொங்குகிறது.

பொய் 3: "உயரப் போனால் மான் பார்க்காது"

புதியவர்கள் ரொம்ப விரும்பி நம்புவது இதைத்தான். முப்பது அடியில் தொங்குகிறேன் என்று சொல்வதில் ஒரு பெருமை. ஆனால் வில் வேட்டை என்பது ஒளிந்துகொள்வது மட்டும் அல்ல. அம்பு மானின் இரண்டு நுரையீரல்களையும் துளைத்துப் போக வேண்டும். அப்படிப் போனால் மான் கொஞ்ச தூரம் ஓடிச் சீக்கிரம் விழும். ஒரு நுரையீரல் மட்டும் அடிபட்டால் மணிக்கணக்கில் அலைந்து, யார் கண்ணிலும் படாமல் எங்கோ கிடந்து சாகும், அல்லது காயத்தோடு வாழும்.

சாதாரண முக்கோணக் கணக்கு போட்டுப் பாருங்கள். 20 அடி உயரத்தில் இருப்பவன் 20 கஜத்தில் நிற்கும் மானைப் பார்க்கும்போது அம்பின் சரிவு சுமார் 18 டிகிரி. 30 அடி உயரத்துக்குப் போய், மான் 10 கஜத்தில் வந்து நின்றால் சரிவு 45 டிகிரி. செங்குத்தாக இறங்கும் அம்பு முதுகுப்பக்கம் நுழைந்து ஒரு நுரையீரலோடு வெளியேறும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. அதாவது ஏறுகிறவனுக்கும் ஆபத்து, மானுக்கும் சித்திரவதை. மானின் மூக்கை உயரம் ஏமாற்றிவிடும் என்பதும் நிச்சயமில்லை, காற்று சுழன்றால் வாடை கீழே இறங்கத்தான் செய்யும். பின்னால் நல்ல மறைப்பு இருக்கும் மரத்தில் 15 அடி போதும்.

மரம் எது என்பதும் யாரும் சொல்லிக் கொடுக்காத பாடம். 2002ல் மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம், எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அது கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. மான் வேட்டை அதிகம் நடக்கும் அதே மாநிலங்களின் காடுகளில் அந்தச் செத்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. விடியற்காலை இருட்டில் நேராக, வழுவழுப்பாகத் தெரியும் மரம் செத்த மரமாக இருந்தால்? சேடிலின் எடை எத்தனை அவுன்ஸ் என்பது அப்போது யாருக்கு வேண்டும்?

"அவரவர் உயிர், அவரவர் பாடு"

இப்படி ஒரு எதிர்வாதம் வரும். அமெரிக்காவில் இது ரொம்பப் பலமான வாதம். வயது வந்தவன், தன் பணம், தன் முதுகெலும்பு, உனக்கென்ன என்பார்கள்.

தெரிந்து எடுக்கும் ரிஸ்க்கை மதிக்கலாம். தெரியாமல் எடுக்க வைப்பதை மதிக்க முடியாது. ஏறும்போதுதான் அதிகம் பேர் விழுகிறார்கள் என்று ஒருவனுக்குச் சொல்லி, அதன் பிறகும் அவன் லைன்மேன் கயிறை மாட்டாமல் ஏறினால் அது சுதந்திரம். அதைச் சொல்லாமல் அவுன்ஸ் கணக்கு காட்டி அனுப்பினால் அது வியாபாரம். மரத்தடியில் இடுப்பு உடைந்து கிடப்பவனைத் தேடி நள்ளிரவில் காட்டுக்குள் போவது அவன் மனைவியும் அண்ணன் தம்பியும் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களும்தான். விற்றவர் வருவதில்லை.

"சட்டம் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்" என்பார்கள் அடுத்து. சட்டம் கேட்கவில்லை. கல்வி கேட்கிறோம். வேட்டைக்காரருக்குப் பாடம் கட்டாயம் என்று நியூயார்க் மாநிலம் 1949ல் ஆரம்பித்தபோதும் இதே கூச்சல்தான் எழுந்திருக்கும். இன்று மாநிலங்கள் எல்லாம் அப்படிப்பட்ட பாடம் நடத்துகின்றன, துப்பாக்கி விபத்துகளும் பெருமளவு குறைந்துவிட்டன. துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த அதே அக்கறை கயிற்றுக்கும் வர வேண்டிய காலம் இது.

அப்படியானால் எப்படித் தொடங்குவது?

குறை சொல்லிவிட்டு ஓடிவிடக்கூடாது அல்லவா. தொடங்க நினைப்பவருக்கு உருப்படியான வரிசை இது.

1. பட்ஜெட்டில் முதல் பணம் கயிறுகளுக்கு. டெதர், லைன்மேன் கயிறு, தாங்கும் அளவு பொறித்த கேரபினர்கள். மிச்சப் பணத்தில் சேடில். பழைய சேடிலை வாங்கினாலும் பழைய கயிறை வாங்க வேண்டாம். வெயிலும் உராய்வும் எலி, அணிலும் கயிறுக்கு என்ன செய்தன என்று விற்பவருக்கே தெரியாது.

2. ப்ரூசிக் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடும்வரை பழகுங்கள். கார்ல் ப்ரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931ல் பிரபலமாக்கிய முடிச்சு அது. பாரம் ஏறினால் கயிற்றைக் கவ்வும், பாரம் இல்லாதபோது நகரும். டெதரின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பது இதனால்தான்.

3. வேட்டை இலையுதிர் காலத்தில். எனவே கோடை முழுவதும் தரைக்கு ஓர் அடி மேலே பிளாட்ஃபார்மைக் கட்டித் தொங்குங்கள். இடுப்பை நெரிக்கிறதா? டெதரை ஏற்றி இறக்கிப் பாருங்கள், பிரிட்ஜ் நீளத்தை மாற்றிப் பாருங்கள். பலர் சேடிலைக் குறை சொல்லி விற்றுவிடுவது இந்தச் சரிசெய்தலைச் செய்யாததால்தான். வலது பக்கம், இடது பக்கம், மரத்துக்குப் பின்னால் எல்லாக் கோணத்திலும் வில்லை இழுத்துப் பழகுங்கள்.

4. ஒரே விதி: தரையை விட்டுக் கால் எழும்பியதிலிருந்து திரும்பத் தரையைத் தொடும்வரை குறைந்தது ஒரு கயிறாவது மரத்தோடு இணைந்திருக்க வேண்டும். கிளை வந்தால் இரண்டாவது கயிறைக் கிளைக்கு மேலே மாட்டிய பிறகுதான் முதல் கயிறைக் கழற்ற வேண்டும். உச்சியில் டெதரை மாட்டிய பிறகே லைன்மேன் கயிறைக் கழற்ற வேண்டும். இறங்கும்போது இதையே தலைகீழாக.

5. டெதரில் தொங்கல் கூடாது. எழுந்து நின்றாலும் கூடாது.

6. வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக்கூடாது. தனிக் கயிற்றில் கட்டிப் பிறகு மேலே இழுத்துக்கொள்ளலாம்.

7. கால் பிளாட்ஃபார்மை விட்டுப் போனால் திரும்ப எப்படி ஏறுவது என்று தரையிலேயே ஒத்திகை பாருங்கள். கால் வைத்து எழும்ப ஒரு கூடுதல் கயிற்று வளையம் பையில் இருக்கட்டும். போன் கைக்கு எட்டும் பாக்கெட்டில். எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

8. முதல் சீசனில் 12, 15 அடி போதும். பட்டை உரியும் மரம், செத்த மரம், பனி உறைந்த மரம் வேண்டாம். அன்றைக்குத் தரையிலேயே உட்காருங்கள், மான் கோபித்துக்கொள்ளாது.

இந்த எட்டில் பணம் கேட்பது ஒன்றே ஒன்று. மற்ற ஏழும் நேரத்தைக் கேட்பவை. விளம்பரத்தில் அவை ஏன் வருவதில்லை என்பதற்குக் காரணமும் அதுதான். பழக்கத்தைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது.

சேடில் கம்பெனிகள் மூன்று வேலை செய்தால் போதும். கயிறில்லாமல் சேடில் விற்காதீர்கள். விளம்பரப் படத்தில் ஏறும் ஆளுக்கு லைன்மேன் கயிறு மாட்டிவிடுங்கள். எடை எத்தனை அவுன்ஸ் என்று போடும் அதே அளவு எழுத்தில், இது விழுபவரைப் பிடிக்கும் ஹார்னஸ் அல்ல என்று போடுங்கள். இதனால் விற்பனை குறையும் என்றால், அந்த விற்பனை எதை மறைத்து நடந்தது என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

வேட்டைக்காரர்கள் குறைகிறார்கள் என்று கவலைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதியவனை மரத்தில் ஏற்றிவிடுவது சுலபம். அவன் மாலையில் இறங்கி வீட்டுக்கு வந்தால்தான் அடுத்த வருடம் லைசென்ஸ் வாங்குவான்.